மயாக் என்றொரு மனிதன்

சல்கினுக்குப் பதிமூன்று வயதிலேயே ரஷ்யன் வாசிக்கத் தெரியும். போஸ்-கொருக் ஆட்டுப் பண்ணையில் அது லேசான காரியமில்லை. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய காகிதம், பட்டாளத்துக்குப் போன பிள்ளையின் அதிகாரி எழுதிய கடிதம், புது வானொலிப் பெட்டியோடு வந்த சீட்டு, எதுவானாலும் "இஸ்மானலி மகளைக் கூப்பிடு" என்பார்கள். அவள் வந்து, பின்னல்களை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்ததைக் கிர்கீசில் சொல்வாள். தெரியாத சொல் வந்தால் நிற்க மாட்டாள். சேற்றைக் கண்ட குதிரை வளைந்து போவது போல அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். ஒருமுறை இருமல் மருந்தை நெஞ்சில் தேய்க்கச் சொல்லிவிட்டாள். தேய்த்துக்கொண்ட கிழவருக்கு இருமல் நின்றுபோனதால் விஷயம் வெளியே வரவில்லை.

அவளுடைய அப்பா இஸ்மானலி பண்ணையின் மேய்ப்பர். குட்டையான ஆள், பேச்சும் குட்டை. நான்கு வருஷமாக அவர்தான் பண்ணையின் 'மயாக்'. அந்தச் சொல்லைப் பண்ணைக்குக் கொண்டுவந்தவர் தலைவர் தூலாத். வட்டத் தலைமை ஊரில் நடந்த கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர், "ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு மயாக் இருக்கணுமாம். நம்மகிட்ட இல்லியேன்னு கேட்டாங்க, மானம் போச்சு" என்றார்.

"மயாக்னா என்னங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"முன்னால நிக்கிறவன். அவனைப் பாத்து மத்தவன் எல்லாம் நடக்கணும். ரஷ்யச் சொல்லு."

அந்த வசந்தத்தில் இஸ்மானலியின் மந்தையில்தான் குட்டிகள் அதிகம் பிழைத்திருந்தன. அதனால் அவர் மயாக் ஆனார். அலுவலகத்துக்கு எதிரே இருந்த சிவப்புப் பலகையில் அவர் முகத்தைப் பெரிதாக வரைந்து, மேலே அந்தச் சொல்லை எழுதி வைத்தார்கள். கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் தையல் இயந்திரம் கொடுத்தார்கள். பலகையில் இருந்த முகத்தைப் பனியும் வெயிலும் தின்றதால், பண்ணை மன்றத்து ஓவியர் வசந்தம்தோறும் மேலே ஒரு பூச்சு பூசுவார். பூசப்பூச முகம் வெளுத்துக்கொண்டே போனது. "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், நீ ரஷ்யக்காரனாவே ஆயிடுவே" என்று சல்கினின் அம்மா சூரா கேலி செய்வாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில், சேணப் பையில் புத்தகங்களை அடைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சுற்றும் நூலகர் வந்தார். சல்கின் கையை விட்டுத் துழாவி ஒரு ரஷ்யப் புத்தகத்தை எடுத்தாள். அட்டை இல்லை. முதல் இருபது பக்கத்தை யாரோ புகையிலை சுருட்டக் கிழித்திருந்தார்கள். படங்கள் இருந்த தாள்களையும் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

"அதுல தலையும் இல்ல, மூஞ்சியும் இல்லியேம்மா. வேற எடு" என்றார் நூலகர்.

"வால் இருக்குல்ல, போதும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இருபத்தொன்றாம் பக்கத்தின் முதல் வரியிலேயே மயாக் வந்தான். 'பாறையின் மேல் மயாக் தன்னந்தனியாக நின்றான்.' மூன்று பக்கமும் தண்ணீர். சல்கின் கடல் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், கோடையில் மந்தையோடு போகும் மலைமேல் ஏரி. அதன் கரையில் ஒரு பாறையையும், பாறையின் மேல் ஓர் ஆளையும் வைத்துக்கொண்டாள். இருந்தாலும் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று மறுநாள் பள்ளியில் ரஷ்ய வாத்தியாரிடம் போனாள்.

"ஐயா, மயாக்னா என்ன?"

வாத்தியார் கையிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே ஜன்னலைக் காட்டினார். "தினம் அந்தப் பலகையைத் தாண்டித்தானே வர்றே? உங்கப்பன் மூஞ்சிக்கு மேல என்ன எழுதியிருக்கு? வீட்டுலயே ஒண்ணை வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்கிறியே!"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை.

ரஷ்ய மொழியில் மேசையும் 'அவன்', அடுப்பும் 'அவள்'. கிர்கீசிலோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அதனால் மயாக்கை 'அவன்' என்று புத்தகம் சொன்னபோது சல்கினுக்கு அவன் ஆளாகவே தெரிந்தான். மற்றவையும் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. மயாக்கின் கண் நாற்பது வருஷமாக ஓர் இரவுகூட மூடவில்லை. சரி, குட்டி போடும் பருவத்தில் அப்பா மட்டும் தூங்குகிறாரா? அலைகள் அவன் நெஞ்சில் அடித்தன. வசந்தம்தோறும் அவனுக்கு வெள்ளை பூசினார்கள். அதைத்தான் அவளே கண்ணால் பார்த்திருக்கிறாளே! மயாக்குக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. அவர் அந்திதோறும் மயாக்கின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். இந்த இடத்தில் சல்கினுக்குச் சிரிப்பு வந்தது. தூலாத் மாமாவும் அப்பாவின் தலையில் ஏறத்தான் ஏறுகிறார். அதை இவ்வளவு துணிச்சலாக அச்சடித்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டாள். மயாக்கின் வயிற்றுக்குள் சுழன்று ஏறும் நூற்றிருபது படிகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. அது மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. அச்சுப் பிழை என்று தாண்டிப் போனாள்.

கடைசிப் பக்கங்கள் அவளை உலுக்கிவிட்டன. எதிர்க்கரையில் புதிய மயாக்கை நிறுத்தினார்கள். பழைய மயாக்கை 'அணைத்துவிட்டார்கள்.' அந்தச் சொல் அவளுக்குத் தெரியும், விளக்குக்குச் சொல்வது. ஆள் செத்தாலும் விளக்கு அணைந்தது என்று தன் ஊரிலும் சொல்வதுண்டு. அதற்குப் பிறகும் அவன் பாறையின் மேலேயே நின்றான். பறவைகள் அவன் தோளில் எச்சமிட்டன. யாரும் வரவில்லை. அத்தோடு கதை முடிந்தது. சல்கின் புத்தகத்தை மூடிவிட்டு, மாட்டுச்சாணி வறட்டி அடுக்கியிருந்த மூலைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஏப்ரல் விடுமுறையில் குட்டி போடும் கொட்டகைக்கு உதவிக்குப் போனாள். அப்பா தாயில்லாக் குட்டி ஒன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அப்பா, புத்தகத்துல உன்னை மாதிரி ஒருத்தன் வர்றான். அவனும் மயாக்."

"ஆடு மேய்க்கிறவனா?"

"இல்ல, கப்பலுக்கு வழி காட்டுறவன். தண்ணிக்கு நடுவுல பாறை மேல நிப்பான்."

இஸ்மானலி எதையும் பாதியில் கேட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. முழுக்கச் சொல்லச் சொன்னார். கொட்டகையில் வேலை செய்தபடியே மூன்று நாள் மதியங்களில் சல்கின் கதையைச் சொல்லி முடித்தாள். அவர் இடையிடையே கேட்டார்.

"மாத்து ஆள் வரலியா?"

"வரல."

"நாப்பது வருஷமாவா?"

"ஆமாப்பா. கண்ணு மூடலன்னு போட்டிருக்கு."

"பொண்டாட்டி?"

சல்கின் யோசித்தாள். "மேற்பார்வையாளருக்குத்தான் பொண்டாட்டி. மயாக்குக்கு இல்ல."

"இருந்திருந்தா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பா" என்றார். குட்டியைக் கீழே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில?"

அவள் கடைசியையும் சொன்னாள். அவர் வெளியே போய் வெந்நீர்க் கொப்பரையைப் பார்த்துவிட்டு வந்தார். "அந்தப் புத்தகம் எங்க அச்சடிச்சது?" என்று கேட்டார்.

"மாஸ்கோவுலப்பா. கடைசித் தாள்ல போட்டிருக்கு."

"ம்" என்றார்.

ஜூன் மாதம் மேல்மலைப் புல்வெளியில் மயிர் கத்தரிப்பு முடிந்ததும் வழக்கம்போல் கூட்டம் போட்டார்கள். கூடாரங்களுக்கு நடுவே சிவப்புத் துணி விரித்த மேசை, அதன் மேல் ஒரு குடம் புளித்த குதிரைப்பால். வட்டாரச் செய்தித்தாளிலிருந்து லிதியா பெத்ரோவ்னா வந்திருந்தாள். கருங்கடல் பக்கத்து ஊர்க்காரி. போர்க்காலத்தில் அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள், கிர்கீஸ் நன்றாகவே பேசுவாள். தூலாத் எழுந்து, போன வருஷத்துக் கணக்கை விட்டுவிட்டு வரும் வருஷத்துக்குப் போனார்.

"நம்ம மயாக், தோழர் இஸ்மானலி, வர்ற வசந்தத்துல நூறு ஆட்டுக்கு நூத்தி எழுபது குட்டி காட்டுறேன்னு உறுதிமொழி கொடுக்கிறாரு!"

எல்லோரும் கை தட்டினார்கள். இஸ்மானலி எழுந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் கொடுக்கல."

கைதட்டல் ஒழுங்காக நிற்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓய்ந்தது.

"என்ன அண்ணே, என்ன சொல்றீங்க?" என்றார் தூலாத், சிரித்த முகத்தை மாற்றாமல்.

"ஆடு நூத்தி எழுபது போடாது. நான் போட்டாத்தான் உண்டு. அப்புறம், எனக்கு மயாக்கும் வேண்டாம். மூஞ்சியைப் பலகையிலேர்ந்து எடுத்துருங்க. மயாக்குக்குக் கடைசியில என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும்."

"என்ன ஆகுது?"

"அணைச்சுடுறாங்க. பறவை எச்சம் போடுது."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"மாஸ்கோவுல அச்சடிச்ச புத்தகத்துல இருக்கு."

இந்த இடத்தில் கூட்டம் அப்படியே அடங்கிப் போனது. மாஸ்கோவில் அச்சடித்ததை மறுத்துப் பேச யாருக்கும் தைரியமில்லை. தூலாத்துக்கும் இல்லை. லிதியா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "என்ன புத்தகம் அது? நான் பாக்கலாமா?" என்றாள்.

சல்கின் கூடாரத்துக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்தாள். மேசை அருகே நின்று கடைசிப் பக்கத்தை ரஷ்யனில் உரக்கப் படித்து, கிர்கீசிலும் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. பாதியிலேயே லிதியா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் சல்கின் நினைத்தாள். தானும் அந்த இடத்தில் அழுதவள்தானே. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அடி கண்ணு, மயாக்குங்கிறது ஆள் இல்லடி! அது கோபுரம். கல்லுக் கோபுரம். உச்சியில பெரிய விளக்கு எரியும். ராத்திரியில கப்பல் பாறையில மோதாம இருக்க அதைப் பாத்துத் திரும்பும். உள்ளே படி இருக்கும், ஏறிப் போய் விளக்கைப் பத்தவைப்பாங்க. எங்க ஊர்லயே ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பேரைத்தான் உங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு வச்சிருக்காங்க."

படிகள். அச்சுப் பிழை என்று தான் தாண்டிப்போன நூற்றிருபது படிகளும் ஒரே நொடியில் சல்கினுக்கு ஞாபகம் வந்தன. புல்வெளியே சிரித்தது. வயசானவர்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். தூலாத் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார், இவ்வளவு நாளும் தனக்கும் அது தெரியாது என்பதை மறைக்க. "கோபுரத்துக்குப் பொண்டாட்டி தேடினியாடி?" என்று யாரோ கத்தினார்கள். சல்கின் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காருவதா ஓடுவதா என்று தெரியவில்லை.

இஸ்மானலி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"கல்லுதானா?" என்று லிதியாவைக் கேட்டார்.

"கல்லுதாங்க."

"கல்லையே நாப்பது வருஷத்துல அணைச்சுட்டாங்கன்னா, நான் வெறும் எலும்புதானே. எனக்கு வேண்டாம்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவரை எழுப்பி உறுதிமொழி வாங்க முடியவில்லை. தூலாத் கூட்டத்தில் கண்ணை ஓட்டி, முன்வரிசையில் இருந்த போபெக்கைப் பிடித்தார். போபெக் முப்பது வயசு மேய்ப்பன், நல்ல உழைப்பாளி. பெயர் கேட்டதும் காது வரை சிவந்து எழுந்தான். நூற்று எழுபது என்றார்கள், அவன் நூற்று எண்பது என்றான்.

அன்று மாலை அப்பாவும் மகளும் ஒரே குதிரையில் மந்தைக்குத் திரும்பினார்கள். திட்டப் போகிறார் என்று சல்கின் காத்திருந்தாள்.

"அந்த விளக்கைப் பத்தவைக்க ஏறுவான்னாங்களே, அவன் மனுஷன்தானே?"

"மனுஷன்தான்ப்பா."

"அவனுக்குத்தானே பொண்டாட்டி இருந்ததாச் சொன்னே?"

"ஆமா. துணி துவைச்சுக் காயப்போடுவா."

"அப்ப சரி" என்றார்.

வீட்டில் அது சரியாகவில்லை. "நீ புத்தகம் படிச்ச லட்சணம், ஓடைக்கரை மேய்ச்சல் போச்சு" என்று சூரா வாரக்கணக்கில் சொல்லிக்காட்டினாள். மயாக் குடும்பத்துக்கென்று இருந்த குளிர்கால இடம் அது. அதைப் போபெக்குக்குக் கொடுத்துவிட்டு, இவர்களைக் காற்று வீசி அடிக்கும் மேட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பள்ளிக்குப் போய்வர முடியாது என்பதால் சல்கின் சித்தி வீட்டில் தங்கினாள். இதற்கிடையில் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில், கட்டம் போட்ட சின்னத் துணுக்காக அவள் கதை வந்தது. பண்ணையின் பெயரும் அவள் பெயரும் அப்படியே இருந்தன. லிதியா கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. 'புத்தகத்தை இவ்வளவு நம்பும் சிறுமி' என்றுகூட ஒரு வரி போட்டிருந்தாள். அந்த வரியை யாரும் படிக்கவில்லை. "ஏ மயாக், கண்ணைச் சிமிட்டு பாப்போம்!" என்று பள்ளியில் பையன்கள் கத்தினார்கள். கடிதம் வாசிக்க ஆள் வந்தால் சல்கின் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். புத்தகத்தை நூலகரிடம் திருப்பிக் கொடுத்தபோது, "கதை நல்லா இருந்துச்சா?" என்று அவர் கேட்டார். "விளக்குக் கதை" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருஷம் போபெக் பலகையில் இருந்தான். அறுபத்துநான்கு இலையுதிர்காலத்தில் நாரின் நகரத்திலிருந்து கணக்குப் பார்க்கும் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஆடுகளை முக்கியெடுக்கும் மருந்துத் தொட்டியருகே ஆடுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணினார்கள். காகிதத்தில் இருந்த குட்டிகளில் பாதி தொட்டியைத் தாண்டவில்லை. வசந்தத்தில் எண்ணிக் காட்ட அக்கம்பக்கத்து மந்தைகளிலிருந்து குட்டிகளை இரவல் வாங்கியிருந்தான். செத்தவற்றையும் உயிரோடு எழுதியிருந்தான். அப்படி எழுதச் சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. தூலாத்தை வேறு பண்ணைக்கு மாற்றினார்கள். போபெக்கைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள்.

இப்போது ஊர் சல்கினை வேறு மாதிரி பார்த்தது. "அந்தப் பொண்ணு தப்பாப் படிச்சது நல்லதாப் போச்சு. இல்லாட்டி இன்னிக்கு உள்ள இருக்கிறது இஸ்மானலி" என்றார்கள். சிரித்தவர்களே சொன்னார்கள். சல்கினுக்கு அந்தச் சிரிப்பே தேவலை என்று இருந்தது.

ஒருநாள் ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனபோது போபெக்கின் மனைவி குல்சுன் அங்கே இருந்தாள். இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்றாக இரண்டு குழந்தைகள். சல்கின் வணக்கம் சொன்னாள்.

"என்கிட்ட எதுக்குடி வணக்கம்? உங்கப்பனுக்குச் சொல்லு. அவன் தலையில இருந்ததை வழிச்சு என் புருஷன் தலையில போட்டுட்டு நல்லாத்தானே இருக்கான்."

"அக்கா, எங்கப்பா வந்து..."

"உங்கப்பாவுக்கு வாசிச்சுச் சொல்ல நீ இருந்தே. எம்புருஷனுக்கு யாரு இருந்தா?"

சல்கின் வாளியை நிரப்பாமலேயே திரும்பினாள்.

பிப்ரவரியில், மலைப்பாதை மூடும் தறுவாயில், குல்சுன் வீட்டுக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரஷ்யனில் அடித்த ஒரே தாள். வாத்தியார் அந்த மாதம் ஊரில் இல்லை. குல்சுன் இரண்டு நாள் அதை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சல்கினின் சித்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. பின்னாலேயே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

"படி" என்று மட்டும் சொல்லித் தாளை நீட்டினாள்.

சல்கின் படித்தாள். பெயர், குற்றம், பிரிவு எல்லாம் புரிந்தது. மூன்று வருஷம் என்பதும் புரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. அதன் வேர் அவளுக்குத் தெரியும், நிபந்தனை. 'நிபந்தனையோடு மூன்று வருஷம்' என்றால் என்ன? கல் உடைக்கச் சொல்கிறார்களா? வெகுதூரம் அனுப்புகிறார்களா? நாக்கு நுனியில் நாலு அர்த்தம் வந்து நின்றது. எதைச் சொன்னாலும் குல்சுன் நம்பிவிடுவாள். அதுதான் பயமாக இருந்தது.

"மூணு வருஷம்னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு சொல்லு இருக்கு. அது எனக்குத் தெரியல அக்கா."

"தெரியலியா? ரஷ்யன் ரஷ்யன்னு திரிஞ்சியே!"

"இது தெரியல."

"சும்மா உத்தேசமாச் சொல்லும்மா" என்றார் ஒருவர். "நிபந்தனைன்னா என்ன, கடுங்காவல்தான்" என்றார் இன்னொருவர், ரஷ்யனில் ஓர் எழுத்தும் தெரியாதவர். குல்சுனின் முகம் சாம்பலாகியது.

"அப்படின்னு நான் சொல்லல" என்றாள் சல்கின். "யாரும் சொல்லாதீங்க. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்."

வட்டத் தலைமை ஊர் ஒரு நாள் பயணம். தபால் சறுக்குவண்டி மறுநாள் காலையில் கிளம்பியது. சித்தி கத்தினாள், சித்தப்பா வாசலை மறித்தார். அவள் தாளை மார்புக்குள் வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது அவளுக்கு.

நீதிமன்ற எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி ஏதாவது செஞ்சாத்தான் உள்ளே. இல்லாட்டி இல்ல."

"இப்ப உள்ளே இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப எங்க இருப்பாரு?"

"நடந்துக்கிட்டு இருப்பாரு, எனக்கென்ன தெரியும்?"

"அனுப்புறது, கல் உடைக்கிறது எதுவும் கிடையாதா?"

"கிடையாதுன்னு சொல்றேனே! எத்தனை தரம் கேப்பே?"

அவள் மூன்று விதமாகக் கேட்டாள். பிறகு அதையே கிர்கீசில் தாளின் பின்புறம் எழுதித் தரச் சொன்னாள். எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே எழுதி, கையெழுத்தும் போட்டார்.

உடனே திரும்பலாம் என்று பார்த்தால் பனி இறங்கிப் பாதையை மூடிவிட்டது. மூன்று நாள் தபால் நிலையத்தில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே தொலைபேசி இணைப்புப் பலகையில் ஒரே ஒரு பெண்தான் வேலை பார்த்தாள். அவளுக்கும் காய்ச்சல். கிர்கீசில் கேட்பவர்களுக்கும் ரஷ்யனில் பேசுபவர்களுக்கும் நடுவில் சல்கின் உட்கார்ந்து உதவினாள். ஊர்ப் பெயர் தெளிவாக விழாவிட்டால், "மறுபடி சொல்லுங்க, எனக்குக் கேக்கல" என்று கூச்சமில்லாமல் கேட்டாள். பள்ளி முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். சல்கின் முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலை அப்படித்தான் தொடங்கியது.

நான்காம் நாள் பாதை திறந்தது. வண்டியிலிருந்து குதித்தவள் சித்தி வீட்டுக்குப் போகாமல் நேரே குல்சுன் வீட்டுக்கு ஓடினாள். கோட்டுக்குள் கையை விட்டுத் தாளை எடுத்தபடியே கதவைத் தள்ளினாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அடுப்போரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. போபெக் முந்தைய நாளே கீழ்ப்பள்ளத்தாக்கு வழியாக நடந்து வந்து சேர்ந்திருந்தான். கால்விரல் இரண்டு உறைபனியில் கறுத்திருந்தன. மெலிந்து போயிருந்தான். மற்றபடி முழுசாக இருந்தான்.

சல்கின் கையில் தாளோடு நின்றாள். "வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தமாம்" என்றாள்.

போபெக் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். குல்சுன்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மாவுக் கையால் சல்கினைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போனியே, பாவி. நேத்து வரைக்கும் அந்த வாய் ஓயாதவனுங்க ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி என்னைக் கொன்னுட்டாங்க. நீ திரும்பி வர்றவரைக்கும் எதையும் நம்பக்கூடாதுன்னு காதைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன்."

போபெக்குக்குத் தனி மந்தை கொடுக்கப் புதுத் தலைவர் பயந்தார். மார்ச் மாதம் குட்டி போடத் தொடங்கியபோது இஸ்மானலி ஓடைப்பக்கம் இறங்கி வந்தார். போபெக் வீட்டு வாசலில் குதிரையை நிறுத்தி, இறங்காமலேயே, "எனக்கு ஒரு கை குறையுது. மேட்டுல காத்து அதிகம். வர்றியா?" என்றார். போபெக் ஒரு நாள் யோசித்துவிட்டு, கறுத்த விரல்களுக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனான். பதினோரு வருஷம் இருவரும் ஒரே மந்தையை மேய்த்தார்கள். புல்வெளிக் கூட்டத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதாக யாரும் கேள்விப்படவில்லை. போபெக் இரவு முறையை எடுத்துக்கொண்டான், இஸ்மானலி தூங்கினார். நூறு ஆட்டுக்கு நூற்றுப்பத்துக் குட்டி, நல்ல வருஷத்தில் இன்னும் நாலைந்து கூடப் பிழைத்தன. பலகையில் அதற்குள் பால் கறக்கிற ஒருத்தியின் முகம் வந்திருந்தது.